ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிந்த எடைகள்: மண்டபம் நண்டு வாடி ஒன்றில் ஆள் எடுத்த அனுபவம்

மண்டபத்துக்கும் வேதாளைக்கும் இடையில், கடலைப் பார்த்த ஒரு கொட்டகையில் (எங்கள் பக்கம் அதை வாடி என்போம்) பதினோரு ஆண்டுகளாக நண்டு வாங்கி விற்கிறேன். மாலையில் விட்ட நண்டு வலையை நாட்டுப்படகுக்காரர்கள் விடியலில் எடுத்து, ஏழு மணிக்கு மேல் கரை சேர்வார்கள். கூடையோடு எடை போட்டு, கூடை எடையைக் கழித்து, நோட்டில் எழுதி, ஐஸ் போட்டு, மதியத்துக்குள் எங்களிடம் வாங்கும் கம்பெனியின் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். விசைப்படகு வரும் நாட்களில் கணவாயும் இறாலும் சேர்ந்துகொள்ளும். என்னையும் சேர்த்து வாடியில் ஒன்பது பேர்.

இந்த ஒன்பதில் தராசுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்தான் முக்கியம். ஐஸ் உடைக்கிறவர் தவறு செய்தால் அரை மணி நேரம் போகும். எடைக்காரர் தவறு செய்தால் பணம் போகும், போவதும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்துக்கு நான் ஆள் எடுத்த விதத்தை எழுதுகிறேன். என் மானம் கொஞ்சம் போகும், பரவாயில்லை.

டீக்கடை பெஞ்சில் நடந்த நேர்காணல்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை என்பதால் நண்டு வந்துகொண்டிருக்கும், ஆனால் வாடியில் பாதி வேலைதான் இருக்கும். அந்த ஓய்வில், பல ஆண்டுகளாகத் தராசில் இருந்த என் சித்தப்பா மகன் துபாய்க்கு விசா கிடைத்துப் போய்விட்டான். போகிறேன், போகிறேன் என்று அவன் நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜூன் இரண்டாம் வாரம், கடல் திறக்க ஐந்தே நாள் இருக்கும்போது ஆள் தேட ஆரம்பித்தேன்.

தங்கச்சிமடத்தில் தெரிந்தவர் ஒருவர் தம் உறவுக்காரரை அனுப்பிவைத்தார். வயது ஐம்பத்திரண்டு. தூத்துக்குடியில் ஒரு மீன் கம்பெனியில் பத்து ஆண்டுகள் இருந்தவர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். எந்த ஊர், யார் மகன், எத்தனை பிள்ளைகள், குடிப்பழக்கம் உண்டா, முன்பு ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டேன். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் ஊரோடு வந்துவிட்டதாகச் சொன்னார். எல்லாமே நம்பும்படியாக இருந்தது. இரண்டாவது டீ வருவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

சம்பளம், நேரம், விடுப்பு எல்லாம் எழுதிய தாள் ஒன்றை நீட்டினேன். வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், தம்பி" என்றார். பெரிய மனிதர், காசு விஷயத்தைக் கறாராகப் பார்க்காதவர் என்று அதையும் அவர் கணக்கில் நல்லதாகவே வரவு வைத்தேன்.

விசாரிக்கவில்லை என்று யாரும் சொல்லக் கூடாதே என்று தூத்துக்குடி கம்பெனிக்கும் போன் போட்டேன். "எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டேன். "தங்கமான மனிதர்" என்றார்கள். அரை நிமிடத்தில் விசாரணை முடிந்தது.

எடை குறைந்தது

நண்டில் எடை குறைவது புதிதல்ல. கூடையில் இருக்கும் தண்ணீர் வடியும், கால் உடைந்தால் ஈரம் போகும். கரையில் 300 கிலோ வாங்கினால் கம்பெனித் தராசில் 294 கிலோ நிற்கும். நூற்றுக்கு இரண்டு என்று நாங்கள் கணக்கு வைத்திருக்கிறோம். ஜூலை முடியும்போது அது நூற்றுக்கு நான்கைத் தொட்டது. வெயில் அதிகம் என்று நினைத்தேன். ஐஸ் சரியில்லை என்று ஐஸ் வாங்கும் இடத்தை மாற்றினேன். வண்டி டிரைவரைக்கூட ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். தராசைச் சந்தேகப்படவில்லை, அந்த ஆண்டின் முத்திரை அதில் பளிச்சென்று இருந்தது.

மிஞ்சியவர் ஒருவர்தான். ஆகஸ்ட் கடைசியில் அவரைக் கூப்பிட்டு, நாளை முதல் வர வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். "உங்களுக்கே தெரியும்" என்றேன். பாதி மாதச் சம்பளத்தையும் பிடித்துவைத்துக்கொண்டேன். அவர் குரல் உயர்த்தவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த மௌனமே எனக்குச் சாட்சியாகப் பட்டது. கரையில் இரண்டு பேர் கேட்டார்கள், சொன்னேன். இந்தக் கரையில் இரண்டு பேரிடம் சொன்னால் தேவிபட்டினம் வரை போய்விடும்.

செப்டம்பரில் வருமானவரிக் கணக்கு பார்க்கும் அக்கா ராமநாதபுரத்திலிருந்து வந்தார். எடை நோட்டைப் புரட்டியவர் பத்துப் பக்கம் போனதும் நிறுத்தி, ஸ்கேலை வைத்து ஒரு பக்கத்தை மட்டும் எனக்குக் காட்டினார்.

12.5
9.0
14.5
11.0
11.5
8.5

"என்ன தெரிகிறது?" என்றார். நண்டு எடை என்றேன். "உங்கள் தராசு பத்துக் கிராம் வரை காட்டும். நூறு கூடை போட்டால் இரண்டு கூடைதான் இப்படி அரைக் கிலோக் கணக்கில் துல்லியமாக வந்து நிற்கலாம். இங்கே எல்லாமே நிற்கிறது."

இரண்டரை மாதத்தில் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு வரிகள். அத்தனையும் ஐந்தில் அல்லது பூஜ்யத்தில் முடிந்திருந்தன. தப்பிய வரிகள், அவர் விடுப்பில் இருந்த இரண்டு நாள் நான் எழுதியவை.

அப்போதும் நான் விடவில்லை. "வேண்டிய படகுக்காரருக்குக் கூட்டி எழுதியிருக்கிறார்" என்றேன். அக்கா படகு வாரியாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். எல்லாப் படகுக்கும் ஒரே மாதிரிதான் கூடியிருந்தது. அவருடைய உறவுக்காரர் படகுக்கும் அதே கதைதான். "திருடுகிறவன் இவ்வளவு சமமாகத் திருடமாட்டான்" என்றார் அக்கா.

தங்கச்சிமடம்

பிடித்துவைத்த சம்பளத்தை எடுத்துக்கொண்டு பாம்பன் பாலம் தாண்டிப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பேச்சு தொடங்காமல் இருந்தபோது அவருடைய போனில் ஏதோ செய்தி வந்தது. கையை முழுதாக நீட்டி, தலையைப் பின்னால் இழுத்து, திரையைப் பார்த்தார். பிறகு உள்ளே இருந்த பேரனைக் கூப்பிட்டு, "இது என்ன என்று பாரடா" என்று கொடுத்தார். கேஸ் சிலிண்டர் செய்தி. பையன் படித்துச் சொன்னான்.

நான்காக மடித்த தாள் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

எங்கள் தராசின் எண்கள் கட்டைவிரல் நகம் அளவுதான். கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும், ஏழரை மணிக்கு மேல் கிழக்கு வெயில் நேராக அதன்மேல் விழும். எனக்கே கையால் மறைத்துக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். அவருக்கு முதல் இரண்டு எண்கள் தெரிந்திருக்கின்றன. புள்ளிக்குப் பின்னால் இருப்பது மங்கல்.

அரைகுறையாகத் தெரிந்தால் சில கூடை கூடும், சில குறையும், கடைசியில் சரியாகிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நானும் கேட்டேன். காரணத்தை அவரே சொன்னார். 12.34 என்று தராசு காட்டும்போது அவர் 12 என்று எழுதினால், பக்கத்தில் நிற்கும் படகுக்காரர் விடமாட்டார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். "முப்பத்து நான்கு காட்டுகிறதே" என்று சத்தம் போடுவார். 12.5 என்று எழுதினால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். முதல் வாரத்திலேயே இரண்டு சண்டை வந்திருக்கிறது. அதன் பிறகு எப்போதும் மேல் அரைக் கிலோதான். சராசரியாகக் கூடைக்குக் கால் கிலோ. நாளைக்கு இருபத்தைந்து கூடை என்றால் ஆறு கிலோவுக்கு மேல். கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட இரண்டரை மாதத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டும். அவருடைய மாதச் சம்பளம் 16,000.

"ஏன் அண்ணே சொல்லவில்லை?" என்றேன்.

"கண் மங்கல் என்று அன்றைக்கு டீக்கடையில் சொல்லியிருந்தால் வேலை கொடுத்திருப்பாயா, தம்பி?"

பணத்தைத் திண்ணையில் வைத்தேன். எண்ணிப் பார்க்காமல் எடுத்துக்கொண்டார். திரும்பி வாருங்கள் என்றதற்கு மட்டும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நான் யாரிடம் திருட்டு என்று சொன்னேனோ அந்த இருவரிடமும் போய் இல்லை என்று சொன்னேன். முதல் பேச்சு போன வேகத்தில் இரண்டாவது பேச்சு போகவில்லை.

பிறகு தூத்துக்குடிக்கு மறுபடியும் போன் போட்டு, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: அங்கே அவர் என்ன வேலை பார்த்தார்? பேக்கிங் பிரிவில் மேற்பார்வை. பத்து ஆண்டும் அதுதான். தராசுப் பக்கம் போனதே இல்லை. அவரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. கம்பெனியில் பத்து ஆண்டுகள் இருந்தேன் என்றார், இருந்திருக்கிறார். மீதியை நான் நிரப்பிக்கொண்டேன்.

நான் எதைச் சோதித்தேன்

அந்த டீக்கடை பெஞ்சில் நான் கேட்ட கேள்விகளைத் திரும்பிப் பார்த்தால், அத்தனையும் ஒரே கேள்விதான்: நீ நல்லவனா? நம் பக்கத்துச் சின்ன முதலாளிகள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறோம். ஊர், குடும்பம், பழக்கவழக்கம், யார் சொல்லி வந்தாய். திருட்டுப் பயம் அவ்வளவு பெரியது. அவர் நல்லவர்தான், அதில் என் கணிப்பு தப்பவில்லை. தராசைப் படிக்க முடியுமா என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒரு கூடையை வைத்து எழுதச் சொல்லியிருந்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இதைப் பற்றி ஆராய்ச்சிகள் இருக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. 1998-இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஆள் தேர்வு முறைகள் பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணும் பிறகு வேலை செய்யும் தரமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்தார்கள். முழுதும் ஒத்தால் 1, சம்பந்தமே இல்லை என்றால் 0. வேலையையே கொஞ்சம் செய்துகாட்டச் சொல்லும் சோதனைக்கு 0.54 வந்தது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பிடும் நேர்காணலுக்கு 0.51. முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பதற்கு 0.26. எத்தனை ஆண்டு அனுபவம் என்பதற்கு வெறும் 0.18. 2022-இல் பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். பல எண்கள் இறங்கின. செய்துகாட்டும் சோதனை 0.33 ஆனது. ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணல் 0.42 உடன் முதலிடத்துக்கு வந்தது. அமெரிக்க எண்கள் மண்டபத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அனுபவம் எத்தனை ஆண்டு, தெரிந்தவர் என்ன சொன்னார் என்ற இரண்டை மட்டும் நம்பி ஒன்றரை லட்சத்தை இழந்தவனுக்கு அந்த வரிசை உறைத்தது.

இரண்டாம் முறை

முதலில் தராசைச் சரிசெய்தேன். உள்ளங்கை அளவு எண் காட்டும் தனிப் பலகை ஒன்றை வாங்கி, நிழல் விழும் பக்கம் தூணில் மாட்டினேன். ஒரு நாள் நஷ்டத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் செலவு. இதை ஜூனிலேயே செய்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

பிறகு ஒரு தாளில் எழுதி டீக்கடையிலும் மீன் ஏலக்கூடத்திலும் ஒட்டினேன், வாட்ஸ்அப்பிலும் போட்டேன்: "நண்டு எடை போட்டு நோட்டு எழுத ஆள் தேவை. காலை 6.30 முதல் மதியம் 1 வரை. சம்பளம் 16,000. தராசில் உட்காரவைத்துச் சோதித்துத்தான் எடுப்போம். சோதனைக்கு வருகிறவர்களுக்கு 300 ரூபாய் கொடுப்போம். கண்ணாடி போடுகிறவர்கள் கொண்டுவரவும்." கடைசி வரியைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். போனில் விசாரித்தவர்கள் பத்துப் பேர். சோதனை என்றதும் மூன்று பேர் பேச்சை மாற்றினார்கள். ஏழு பேர் வந்தார்கள்.

ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு கூடை. அதில் சில வில்லங்கங்களை வைத்திருந்தேன். ஒரு கூடையில் தண்ணீர் வடியவே இல்லை. ஒரு கூடை மற்றவற்றைவிட அறுநூறு கிராம் கனமான புதுக் கூடை, பழைய கூடையின் எடையைக் கழிவாகப் போட்டால் தப்பு. இன்னொன்றில் ஓடு மாற்றிய நண்டுகள் நான்கைந்து, விரலால் அழுத்தினால் ஓடு குழியும், உள்ளே சதை இருக்காது. ஒன்பதாவது கூடை வரும்போது எங்கள் ஐஸ்காரர் படகுக்காரராக வந்து நின்று, "இருபது கிராமில் என்ன ஆகப்போகிறது, சேர்த்து எழுதப்பா" என்று நச்சரிக்க வேண்டும். அவர் நடிப்பு கொஞ்சம் மிகையாகப் போய்விட்டது. ஒரு பையன் பயந்தே போனான்.

ஏழு பேரில் தண்ணீர்க் கூடையைத் தள்ளிவைத்தவர்கள் நான்கு பேர். புதுக் கூடையைக் கண்டுபிடித்தவர்கள் இருவர்தான். எட்டாண்டு அனுபவம் என்று வந்த ஒருவர் பன்னிரண்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கழிவைப் போட்டார்.

சோதனைக்குப் பிறகு எல்லோரிடமும் அதே நான்கு கேள்விகளைக் கேட்டோம். நானும் என் மனைவியும் தனித்தனித் தாளில் மதிப்பெண் போட்டோம். போட்டு முடிக்கும்வரை ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. எனக்குப் பிடித்த மூன்றாவது கேள்வி இது: "நான் ஊரில் இல்லாதபோது தெரிந்தவர் ஒருவர் மூடிய கூடை ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு ராத்திரி மட்டும் ஐஸில் வைத்திருங்கள் என்கிறார். என்ன செய்வீர்கள்?" இந்தக் கரையில் இந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. வாடியில் ஒரு கூடை அட்டை பிடிபட்டால் ஜாமீனுக்கு அலைவது கூடை கொண்டுவந்தவர் மட்டுமல்ல. "தெரிந்தவர் என்றால் வைத்துக்கொள்வேன்" என்றார் ஒருவர். "திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்வேன்" என்றார் இன்னொருவர். உச்சிப்புளியிலிருந்து வந்த பெண் யோசிக்கவே இல்லை. "உள்ளே வாங்கமாட்டேன். அவர் நிற்கும்போதே உங்களுக்குப் போன் செய்து அவரிடம் கொடுத்துவிடுவேன்" என்றார். முடிவை என் தலையில் கட்டிவிட்டார், சரியாகவே கட்டினார்.

புதுக் கூடையைக் கண்டுபிடித்த இருவரில் அவர் ஒருவர். மற்றவரும் நல்ல வேலைக்காரர்தான், ஆனால் சேரும்போதே 40,000 ரூபாய் முன்பணம் கேட்டார். முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் பழக்கம் இங்கே புழக்கத்தில் இருப்பதுதான். கடனைக் காட்டி ஒருவரை வேலையைவிட்டுப் போகவிடாமல் செய்வது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் போய் முடியும். கொடுத்துவிட்டு வேலையை விடும்போது எப்படி வாங்குவது என்பதற்கும் என்னிடம் வழி இல்லை. மறுத்துவிட்டேன்.

வீட்டில் அம்மாவுக்குத்தான் மனமில்லை. "கல்யாணம் ஆனால் போய்விடுவாளே" என்றார். சித்தப்பா மகன் கல்யாணம் ஆகாமலேயே துபாய்க்குப் போனதை நினைவூட்டினேன். கல்யாணம் எப்போது, பிள்ளை உண்டா என்ற கேள்விகளை ஏழு பேரில் யாரிடமும் கேட்கவில்லை. நேரத்துக்கு வர முடியுமா என்பதை ஏழு பேரிடமும் கேட்டோம். முதல் பஸ் 6.50-க்குத்தான் வந்து சேரும் என்று அவர் சொன்னார். படகு வருவதே ஏழு மணிக்கு மேல், நான் ஏன் 6.30 என்று எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏழு என்று மாற்றினேன்.

முன்பு அவர் வேலை பார்த்த மளிகை மொத்த வியாபாரிக்குப் போன் போட்டபோது "எப்படிப்பட்டவர்" என்று கேட்கவில்லை. "உங்களிடம் எந்த வேலையைத் தன் கையால் செய்தார்? மறுபடி கேட்டு வந்தால் எடுப்பீர்களா?" என்று கேட்டேன். சரக்கு எடை போட்டு பில் எழுதினார், ஒருநாள் முன்கூட்டிச் சொல்லாமல் விடுப்பு எடுத்ததற்குச் சண்டை வந்தது, ஆனால் எடுப்பேன் என்றார். குறையும் சேர்ந்து வந்ததால்தான் அந்தப் பதிலை நம்பினேன்.

ஆவண விஷயத்தில் ஒன்றே ஒன்று. அசல் சான்றிதழை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கும் வழக்கம் என்னிடமும் இருந்தது, விட்டுவிட்டேன். கூலிக்காரரின் சான்றிதழ் என் அடகுப்பொருள் அல்ல. தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கட்டாயமாகக் கேட்பதற்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் வழியை அடைத்துவிட்டது. அடையாளத்துக்கு வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ எதைக் காட்டினாலும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன். காவல் துறை மூலம் சரிபார்க்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இணையம் வழியாகவே இருக்கிறது. இந்த வேலைக்கு அது தேவைப்படவில்லை, இரவுக் காவலுக்கு ஆள் எடுத்தால் செய்வேன்.

முதல் மாதம் சோதனைக் காலம் என்று இருவரும் கையெழுத்திட்டோம். வாரம் ஒருநாள், எந்த நாள் என்று சொல்லாமல், ஐந்து கூடையை நான் மறுஎடை போடுவேன் என்பதையும் அதில் எழுதியிருந்தேன். இரண்டாம் வாரத்தில் ஒரு கூடையில் பிழை வந்தது. 13.16-ஐ 13.61 என்று எழுதியிருந்தார். சொல்வதற்கு முன்பே அவர் கண்டுபிடித்துப் பக்கத்தில் திருத்திக் கையெழுத்தும் போட்டிருந்தார். மாதக் கடைசியில் எடை இழப்பு நூற்றுக்கு இரண்டை ஒட்டி வந்து நின்றது.

இந்த ஜூனில் கணவாய்க்குத் தனித் தராசு போடுகிறோம். அதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டிய மறுநாள் தங்கச்சிமடத்திலிருந்து போன் வந்தது. குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். தங்கை மகன் ஒருவன் இருக்கிறான், அனுப்பவா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குச் சோதனை, எல்லோருக்கும் உண்டு அண்ணே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கண்ணாடி கொண்டுவரச் சொல்லவா?" என்றார்.